ஒன்பதாம் பக்கத்தில் சரசம்மா

ஆரியசாலை, திருவனந்தபுரம்
9 ஜூன் 2024

அன்புள்ள தம்பி தாணுவுக்கு,

அக்கா நீலாம்பாள் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் மகள் திவ்யலட்சுமியும் சுகம்தானே? ஜாம்ஷெட்பூர் வெயில் அடங்கியதா?

உன் கடிதம் வந்தது. கவரைப் பார்த்ததும் திவ்யாவுக்குக் கல்யாணம் என்று நினைத்து, நாற்காலியில் உட்கார்ந்துதான் பிரித்தேன். நீ அந்த ஊருக்கு வேலைக்குப் போய் நாற்பது வருஷம். இதுவரை எனக்கு எழுதியது மூன்று கடிதம். அதில் ஒன்று ரேஷன் கார்டில் உன் பேரை நீக்கச் சொல்லி. இப்போது திடீரென்று போனை ஒழித்துவிட்டாய், வாட்ஸ்ஆப்பும் கிடையாது, திரையைப் பார்த்தால் கண்ணில் நீர் வருகிறது, இனிக் கடிதம்தான் என்கிறாய். இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் நீ போனில் முழங்குவாய். கீழே மிளகாய் மண்டிக்காரர்கள்கூட உன் அபிப்பிராயங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இப்போது ஞாயிறு வந்தால் எனக்கு வேலையே இல்லை.

சரி, என் செய்தியைக் கேள். எங்கள் மலையாள சீரியல் ‘எட்டாம் நம்பர் ஸ்டேஷன்’ சினிமாவாகிறது. சீரியல் விட்ட இடத்திலிருந்து படம் தொடங்குகிறது. உனக்குத் தெரியாததா, ஆறு வருஷம் ஓடிய கதையைக் கடைசிக் கொலைக்கு விடை சொல்லாமலே சானல்காரர்கள் நிறுத்தினார்கள். நாலு வருஷமாக நான் கருவேப்பிலை வாங்கப் போனாலும் ஜனங்கள் வழி மறிக்கிறார்கள். “ரைட்டரம்மா, அந்த ஜட்ஜைக் கொன்னது யாரு?” எனக்கு மட்டும் என்ன தெரியும்? அதை எழுதியவனுக்கே தெரியாது.

டைரக்டர் யோசுவா நேற்று போன் செய்தான். சேச்சி இல்லாமல் ஸ்டேஷன் இல்லை என்றான். அவன் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அரசு ஆபீசில் தபால் பிரிவில் முப்பத்தொரு வருஷம் கவர் பிரித்துவிட்டு, ஊழியர் சங்க நாடகத்தில் மாமியாராகக் கத்திக்கொண்டிருந்தவளை, ஐம்பத்தாறு வயதில் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் சரசம்மாவாக உட்கார வைத்தது அவன்தான். முன்னூற்றிப் பன்னிரண்டு எபிசோடின் முடிவிலும் பேனாவை மூடி வைத்துவிட்டு, “ஃபைல் இன்னும் மூடலை, சாரே” என்று சொன்னது நான்தான். இன்ஸ்பெக்டராக, அதுதான் அந்த சி.ஐ.யாக, நடிக்கிற பையன் அழகன். ஆனால் வசனம் என்னுடையது.

முழுக்கதை அடுத்த மாதம் தருவார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அன்புடன்,
அக்கா நீலா


ஜாம்ஷெட்பூர்
27 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாணு எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். உன் முழங்காலுக்கு என் வணக்கம். மாடிப்படியில் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

படச் செய்தியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நான் மட்டும் இல்லை, இங்கே ஐந்து பேர். உனக்குச் சொல்லவில்லையே, எங்களுக்கு ஒரு சின்ன கூட்டம் உண்டு. தினமும் காலை பத்து மணிக்கு ஒரு ஹாலில் கூடுவோம். திவ்யாவின் பழைய போனை ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு உன் சீரியலை முதலிலிருந்து ஒன்றொன்றாகப் பார்க்கிறோம். சனி ஞாயிறு லீவு. கீழே வரும் ஆங்கில எழுத்தை வங்காளி டீச்சரம்மா ஒருத்தி சத்தமாக வாசிப்பாள். ஒரு ஒடியா லாரி டிரைவர் இருக்கிறான்; நீ ஸ்கிரீனில் வந்தாலே கை கூப்புவான். சரசம்மா என் சொந்த அக்கா என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை. உன் கல்யாணப் போட்டோவைக் காட்டிய பிறகு எனக்குத் தனி நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒருவர் எழுந்து போகும்போது மற்றவர்கள், “ஃபைல் இன்னும் மூடலை, சாரே” என்பார்கள். டிரைவர் அதைச் சொல்வதைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு தாங்காது.

அக்கா, படம் எப்போது வரும்? தேதி தெரிந்தால் உடனே எழுது. பூஜையோ வெளியீடோ, அவர்கள் உத்தேசமாகச் சொல்லும் தேதியாவது போதும்.

உன் தம்பி,
சிவதாணு


ஆரியசாலை
14 ஜூலை 2024

அன்புள்ள தாணு,

இங்கு நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பு நலம்தான். மனசுக்கு இன்று கொஞ்சம் சூடு. நீ, திவ்யா எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

கதை வந்துவிட்டது. நூற்றுப் பதினாலு பக்கம். என்னை ஒன்பதாம் பக்கத்தில் கொன்றுவிட்டார்கள்.

ஜட்ஜ் கொலையின் பழைய ஃபைலைத் தேடி சரசம்மா ரெக்கார்ட் ரூமுக்குப் போகிறாள். விளக்கு அணைகிறது. மறுபடி எரியும்போது நான் தரையில். பிறகு நூற்று ஐந்து பக்கம் சி.ஐ. ஓடுகிறான், அடிக்கிறான், ஜீப்பை ஆற்றில் விடுகிறான். எனக்கு மொத்தம் இரண்டு நாள் வேலை. அதில் ஒரு நாள் படுத்திருக்க வேண்டும்.

யோசுவா நேரில் வந்தான். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, “படம் மொத்தமும் சேச்சியோட சாவு மேலதான் நிக்குது, கேட்டோ. சேச்சி போனாத்தான் சி.ஐ.க்குக் கோபம் வரும்” என்றான்.

“என்னைக் கொல்லாம அவனுக்குக் கோபம் வராதா? டீ ஆறிப்போனாலே வருமுல்லா” என்றேன்.

அவன் முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்தான். நல்ல பையன். பணம் போடும் அனந்தபத்மநாபன் ஒரு சாவு கேட்கிறாராம். ஜனங்களுக்குப் பிரியமானவர் யாராவது சாக வேண்டுமாம். பிரியமானவர் என்று என்னைத் தேர்ந்தெடுத்தது ஒரு வகையில் மரியாதைதான். ஆனாலும் தாணு, எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காக்கிப் புடவையை நானே கஞ்சி போட்டு மடித்து வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த வாழ்க்கை அவள். அவள் போய்விட்டால் நான் முழங்கால் வலிக்காரி, அவ்வளவுதான்.

செய்வதா வேண்டாமா என்று செப்டம்பர் முதல் வாரத்துக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் வேறொருத்தியைப் படுக்கவைப்பார்கள். செய்தால், இதுவரை எந்தப் பிணமும் செய்யாத மாதிரி செய்வேன். நீ என்ன சொல்கிறாய்?

அக்கா நீலா


ஜாம்ஷெட்பூர்
20 ஜூலை 2024

அக்கா,

நலம். நலமாக இரு.

செய்யாதே. பிணமாகப் படுக்காதே. அபசகுனம். அம்மா இருந்தால் விடமாட்டாள். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். அவர்களிடம் சண்டை போட்டாவது மாற்றச் சொல். சரசம்மா சாகக் கூடாது. இங்கே மற்றவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். டிரைவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

தாணு


ஆரியசாலை
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி தாணுவுக்கு,

அக்கா எழுதுவது. என் சுகத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. உன் சுகத்தைப் பற்றி மட்டும்தான்.

இந்த வருஷம் நீ எழுதிய மூன்று கடிதங்களையும் கவரோடு மேஜையில் பரப்பி வைத்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் தபால் பிரிவில் இருந்தவளுக்குக் கடிதத்துக்கு முன்னால் கவர்தான் கண்ணில் படும். எந்த ஊரில் பதிவானது என்று பார்க்காமல் நான் எதையும் பிரித்ததில்லை. உன் முதல் கடிதத்தை மட்டும் எப்படியோ கல்யாண ஆசையில் பிரித்துவிட்டேன். அது ஜாம்ஷெட்பூர்தான். மற்ற இரண்டிலும் உள்ளே ஜாம்ஷெட்பூர் என்று எழுதியிருக்கிறாய்; ஸ்பீட் போஸ்ட் ஸ்டிக்கரில் கொல்கத்தா என்று இருக்கிறது. ஐந்து மணி நேர ரயில் பயணம் செய்து யாரும் தபால் பெட்டியைத் தேடிப் போகமாட்டார்கள்.

கடைசிக் கடிதத்தின் தாளில் மேலே இரண்டு விரல் அகலம் கிழித்திருக்கிறாய். அச்சடித்த பேர் இருக்கிற இடம் அது. அப்புறம் உங்கள் கூட்டம். தினமும் பத்து மணிக்குக் கூடும், சனி ஞாயிறு லீவு. பொழுதுபோக்கக் கூடுகிறவர்கள் சனி ஞாயிறுதானே கூடுவார்கள்? லீவு விடுவது ஆபீஸ். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி.

இதையெல்லாம் விடு. நீ அபசகுனம் என்று எழுதியிருக்கிறாய். ராகுகாலம் பார்த்து அதே நேரத்தில் பெண் பார்க்கப் போனவன் நீ. அம்மாவை இழுத்திருக்கிறாய், அம்மா சகுனம் பார்த்தால் கேலி செய்ததும் நீதான்.

திவ்யாவுக்குப் போன் செய்தால் அப்பா தூங்குகிறார் என்கிறாள், அப்பா குளிக்கிறார் என்கிறாள். நாலு மாதமாக நீ குளித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்கிறாய். உருக்காலையில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தி வேலை வாங்கியவன், தமிழ்ச் சங்கத்தில் மைக் இல்லாமல் பேசியவன், அக்காவிடம் பேசாமல் இருக்கப் போனையே ஒழித்துவிட்டான் என்றால் நான் நம்ப வேண்டுமா? வாட்ஸ்ஆப்பில் இருந்தால் வீடியோவில் கூப்பிடுவேன் என்றுதானே அதையும் விட்டாய்?

தாணு, உன் குரல் எங்கே?

அக்கா


கொல்கத்தா
29 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுத இருபத்தைந்து நாள் ஆகிவிட்டது; பத்துத் தரம் எழுதிக் கிழித்தேன்.

உன்னை ஸ்டேஷன் ரைட்டராகப் போட்டவன் கெட்டிக்காரன்.

மார்ச் மாதம் தொண்டை கட்டியது. பிளாட் கூட்டத்தில் தண்ணீர் டாங்கிக்காகக் கத்தியதில் வந்தது என்று வெந்நீரைக் கொப்பளித்துக்கொண்டு திரிந்தேன். பிறகு காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. குரல்வளையில் கட்டி, புற்று. ஜூன் பத்தாம் தேதியிலிருந்து ஜூலை முடிய முப்பத்தைந்து தடவை கதிர்வீச்சு கொடுத்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்த ஹால் அதுதான். பேர் கூப்பிட்டால் உள்ளே போக வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் உன் வசனத்தைச் சொல்வார்கள். ஐந்து பேரில் மூன்று பேருக்குக் குரல் கிடையாது, அக்கா. வாயை மட்டும் அசைப்போம்.

கட்டி முழுவதும் போகவில்லை. செப்டம்பர் இருபதாம் தேதி குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாக மூச்சு. டாக்டர் நம்பிக்கையாகச் சொல்கிறார், பிழைத்துவிடுவேனாம். நானும் நம்புகிறேன். பேச்சு திரும்புமா என்று கேட்டு எழுதிக் கொடுத்தேன். பழகினால் வரும் என்றார், வேறு மாதிரி.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான்தான் எப்போதும் ஆறுதல் சொல்லுவேன். அத்தான் போனபோதும் நான்தானே சொன்னேன். இந்தத் தடவை சொல்லக் குரல் இல்லை.

சரசம்மாவுக்காக நான் கெஞ்சியது குழந்தைத்தனம். ஆனால் அந்த ஹாலில் உட்கார்ந்து பார். முன்னூறு எபிசோடில் எத்தனை பேர் செத்தாலும் அவள் மறுநாள் காலையில் வந்து பேனாவைத் திறப்பாள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. இப்போது ஒன்பதாம் பக்கத்தில் என்கிறாய்.

உன் இஷ்டம். நான் சொன்னதை மறந்துவிடு.

தாணு


ஆரியசாலை
13 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பி தாணுவுக்கு,

அக்கா எழுதுவது. இரண்டு நாள் அழுதேன். நீ ஆறுதல் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. மூன்றாம் நாள் நானே முகம் கழுவிக்கொண்டேன். இப்போது சௌக்கியம். இந்தக் கடிதம் ஸ்பீட் போஸ்டில் முன்னால் வரும், நான் ரயிலில் பின்னால் வருகிறேன். பதினெட்டாம் தேதி காலையில் அங்கே இருப்பேன். வராதே என்று எழுத உனக்கு நேரமில்லை. அதற்காகத்தான் இத்தனை தாமதமாக எழுதுகிறேன்.

படத்துக்குச் சம்மதித்துவிட்டேன். நேற்று செத்தும் ஆகிவிட்டது.

கோபப்படாதே, முழுவதும் படி. உன் கடிதம் வந்த அன்று யோசுவாவிடம் முடியாது என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். எடுத்தபோது ஒன்று தோன்றியது. அபசகுனம் என்று நான் படுக்க மறுத்தால், உனக்கு ஏதோ ஆகப்போகிறது என்று நானும் ஒப்புக்கொண்டதாக ஆகும். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எனக்கு எவ்வளவு பயம் இருந்தாலும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதனால் படுத்தேன்.

ரெக்கார்ட் ரூம் என்று அவர்கள் பிடித்திருந்தது நம் தெருவிலேயே ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி. மூன்று வீடு தள்ளி வற்றல் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காமிரா ஓடுகிறது, நான் தரையில் கண்ணை மூடிக் கிடக்கிறேன், சி.ஐ. என் பக்கத்தில் மண்டியிட்டு அழ வேண்டும். அவன் தும்மினான். காமிராமேன் தும்மினான். யோசுவா மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு ஓடினான். ஏழு தடவை எடுத்தார்கள், ஏழு தடவையும் யாராவது தும்மினார்கள். பிணம் மட்டும் தும்மவில்லை. பதினெட்டு வருஷமாக மிளகாய் மண்டிக்கு மேலே குடியிருக்கிறவளை அந்த நெடி என்ன செய்யும்?

எட்டாவது தடவை சரியாக வந்தது. இங்கே சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரிந்திருக்காது. பிணமாக நடிப்பவர் கட் சொல்வதற்கு முன்னால் கண்ணைத் திறந்து, ஓடுகிற காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதை யாரும் படத்தில் வைப்பதில்லை, வெட்டி எறிந்துவிடுவார்கள். படுத்தது பொய், எழுந்ததுதான் நிஜம் என்று காமிராவுக்குச் சொல்லிவைக்கிறார்கள். எடிட்டருக்கு உதவி செய்யும் ஸ்வப்னா என்ற பெண் என் காதருகே வந்து, “அம்மா, சும்மா ஒண்ணு சிரிச்சா மதி, அது போதும்” என்றாள்.

நான் சும்மா சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்ததும் காமிராவுக்குள்ளே நீ நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்தேன். உன் பக்கத்தில் டீச்சரம்மா, டிரைவர் எல்லோரும். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்ததும் சரசம்மா ஒரு சிரிப்பு சிரிப்பாளே, பேனாவை மூடுவதற்கு முன்னால், அதைச் சிரித்தேன். நீலாம்பாள் சிரிக்கவில்லை, அவளேதான் சிரித்தாள். உனக்காகத்தான்.

மிளகாய் வற்றல், நாரத்தங்காய் எல்லாம் எடுத்து வருகிறேன். டாக்டர் வேண்டாம் என்றால் திவ்யாவுக்கு ஆகும். பயப்படாமல் இரு.

அக்கா நீலா


ஜாம்ஷெட்பூர்
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்தியைத் திவ்யா சொன்னாள். ஐந்து வாரம் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கியதற்கு உன் முழங்கால் என்னைச் சபித்துக்கொண்டிருக்கும். புண் ஆறிவிட்டது. கஞ்சி இறங்குகிறது. கழுத்தில் சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள். விரலால் துளையை அடைத்துக்கொண்டு பேசிப் பழக வேண்டுமாம்.

நான் பழகவில்லை. ஒரு தடவை முயன்றேன். வந்த சத்தத்தைக் கேட்டுத் திவ்யா அடுக்களைக்குள் போய்விட்டாள். பிறகு சிலேட்டு வாங்கிக்கொண்டேன். வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள்; போவதாகத் தலையாட்டிவிட்டு நடைக்குப் போய்விடுகிறேன். அறுபது வயதுக்கு மேல் பேசி என்ன ஆகப்போகிறது? உருக்காலையில் பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது.

டிரைவர் போன வாரம் போய்விட்டான். டீச்சரம்மாதான் எழுதியிருந்தாள். சரசம்மா ஒன்பதாம் பக்கத்தில் சாகிறாள் என்று கடைசிவரை அவனிடம் நான் சொல்லவே இல்லை.

உன் தம்பி,
தாணு


ஆரியசாலை
19 ஜனவரி 2025

அன்புள்ள தாணு,

நானும் முழங்காலும் நலம். பொங்கல் நல்லபடியாகக் கழிந்தது. உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம், ஆறுதல் எழுதத் தெரியாமல் இருந்ததுதான். இப்போது ஆறுதலைவிட நல்ல சரக்கு கிடைத்திருக்கிறது. இது வெளியே தெரியக் கூடாது, எழுத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நீ யாரிடமும் சொல்ல முடியாதவன் என்ற தைரியத்தில் உனக்குச் சொல்கிறேன்.

சரசம்மா சாகவில்லை.

நடந்ததைக் கேள். டிசம்பரில் படத்தை உத்தேசமாகக் கோத்து அனந்தபத்மநாபனுக்கும் மற்ற பணக்காரர்களுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவசரம். ஸ்வப்னா மூன்று நாளாக உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. அந்த அவசரத்தில் பிணம் சிரிக்கிற துண்டை வெட்ட மறந்துவிட்டாள். என்னைச் சிரிக்கச் சொன்னவளே அவள்தான். வெட்டி எறிய வேண்டியவளும் அவள்தான். ஒன்பதாம் பக்கம் வந்தது. நான் கிடக்கிறேன், சி.ஐ. அழுகிறான், எழுந்து போகிறான். திரையில் நான் மட்டும். கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறேன். அப்படியே அடுத்த காட்சி.

அந்தப் பெண்ணுக்கு உயிர் போய்விட்டதாம். யோசுவா தலையில் கையை வைத்துவிட்டான். படம் முடிந்து விளக்கு போட்டதும் அனந்தபத்மநாபன் எழுந்து வந்து யோசுவாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “எடோ, அவ சாகலைன்னு எனக்கு மட்டும் தெரியும், அந்த சி.ஐ.க்குத் தெரியாது. ரெண்டு மணி நேரம் சீட்டு நுனியில உக்கார வச்சிட்டியே. ஆனா கடைசில அவ ஏன் திரும்பி வரலை?” என்று கேட்டாராம்.

யோசுவா கசங்கிய சட்டையைச் சரிசெய்துகொண்டான். “வருவா சார். அது இனிமேத்தான் எடுக்கணும்” என்றான்.

அவனைப் புளுகன் என்று சொல்லாதே. அவனும் அந்த நிமிஷத்தில்தான் கண்டுபிடித்தான். இப்போது கதை மாறிவிட்டது. ஜட்ஜைக் கொன்றவன் ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கிறான் என்று சரசம்மாவுக்குத் தெரியும். அதனால் செத்ததாக நடித்து, பொன்முடியில் ஒரு எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் ஒளிந்திருந்து வலை விரிக்கிறாள். கடைசிக் காட்சியில் மழையில் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிறாள். எனக்கு இன்னும் பதினாலு நாள் வேலை. அந்த மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு இருபத்திரண்டு. முழங்காலுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இது அதிர்ஷ்டம் என்று யோசுவா சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சும்மா சிரித்திருந்தால் அது ஸ்வப்னாவின் தவறாகத்தான் தெரிந்திருக்கும். உனக்காகச் சிரித்ததால்தான் அது கதையாகத் தெரிந்தது. அந்தச் சிரிப்பு உன்னுடையது.

ஆகவே தாணு, இனி நான் சொல்வதைக் கேள். செத்துக் கிடந்தவள் எழுந்து பொன்முடி மலையேறுகிறேன். நீ உயிரோடு இருந்துகொண்டு சிலேட்டில் எழுதுகிறாய். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போ. சத்தம் அசிங்கமாக வந்தால் வரட்டும். திவ்யா அடுக்களைக்குப் போனால், அழுதுவிட்டு வெளியே வருவாள். முப்பத்தொரு வருஷம் நான் ஆபீசில் கேட்காத சத்தமா? உன் குரல் எப்படி இருந்தாலும் எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை.

படம் மே மாதம் வரும். அதுவரை உன் கடிதம் எனக்கு வேண்டாம்.

அக்கா நீலா


கொல்கத்தா
10 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தாணு எழுதுகிறேன். இங்கு நான் நலம். இந்தத் தடவை எழுதியிருப்பது பொய்யில்லை. ஸ்டிக்கரைப் பார்த்துக்கொள், ஊரும் சரியாக இருக்கும். நேற்று டாக்டர் பார்த்தார். கழுத்து சுத்தம், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். உன் முழங்கால் மலையிலிருந்து இறங்கிவிட்டதா?

இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

நேற்று மாலை நாங்கள் நாலு பேரும் உன் படத்துக்குப் போனோம். டீச்சரம்மா எங்களுக்கு ஐந்து, திவ்யாவுக்கு ஒன்று என்று டிக்கெட் எடுத்திருந்தாள். டிரைவரின் சீட்டில் அவன் மனைவியை உட்கார வைத்தோம். அவளுக்குப் பாஷையும் தெரியாது, எழுத்தும் தெரியாது. அவன் கை கூப்புவானாமே, அது யாரைப் பார்த்து என்று தெரிந்துகொள்ள வந்திருந்தாள். நான் ரகசியத்தைக் காப்பாற்றியிருந்தேன், ஒருவருக்கும் தெரியாது. விளக்கு அணைந்து எரிந்தது. நீ தரையில் கிடந்தாய். பக்கத்தில் டீச்சரம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். தெரிந்த நானே சீட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு நீ கண்ணைத் திறந்தாய்.

அக்கா, நீ என்னைத்தான் பார்த்தாய். அறுநூறு பேர் இருந்த தியேட்டரில் ஒவ்வொருவரும் தன்னைத்தான் பார்த்தாய் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு விவரம் தெரியாது. எல்லோரும் கத்தினார்கள், விசில் அடித்தார்கள். விசில் எனக்கு இனி வராது. டிரைவரின் மனைவி எழுந்து நின்று கை கூப்பினாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

நானும் எழுந்தேன். கழுத்துத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு, மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகியதைச் சொன்னேன். தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற சத்தம். முன்வரிசைக்காரன் திரும்பிப் பார்த்தான். டீச்சரம்மா அழுதுகொண்டே சிரித்தாள். திவ்யா பக்கத்திலேயே நின்றாள், எங்கும் போகவில்லை. என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன், அந்த வசனம் உன்னுடையது.

புதுப் போன் வாங்கியாகிவிட்டது. நம்பர் பழையதுதான். நாளை மறுநாள் ஜாம்ஷெட்பூர் போய்விடுவேன். இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். சத்தத்தைக் கேட்டதும் யாரோ தவறான நம்பர் என்று வைத்துவிடாதே. அழுதாலும் பரவாயில்லை, ஆறுதல் சொல்ல இப்போது என்னால் முடியும். கீழே மிளகாய் மண்டிக்காரர்களிடமும் சொல்லி வை.

உன் தம்பி,
சிவதாணு